பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு (16,00,984)

பதினாறு இலட்சத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நான்கு என்பது, வாக்கியப் பஞ்சாங்க கணிதத்தில் சந்திரனுடைய ஸ்தானத்தை அறியும்பொருட்டு, கலியுக ஆரம்பத்திலிருந்து கழிந்த நாட்களின் தொகையினின்று முதற்கண் கழிக்கப்படும் எண்ணாகும். கணித நூலார் இத்தகைய எண்ணைக் கண்டம் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டில் புதுச்சேரிப் பக்கத்துக் கணிதர்கள் இதனை வேதம் என்ற பெயரால் வழங்கினர். கி.மு. 3102 பிப்ரவரி 18, வெள்ளிக்கிழமை சூரியோதயத்தைச் சூன்யமாக வைத்து எண்ணிவரும் நாட்தொகைக்குக் கலிதினம் என்றும் அகர்கணம் என்றும் பெயர். அந்த எண்ணிக்கையில் 16,00,984-ஆம் நாள் கி.பி. 1282 மே 22 ஆகும். அது சோழப் பேரரசு முடிவெய்தியபின் மதுரையில் மாறவர்மன் குலசேகர பாண்டியன் ஆட்சி புரிந்த காலம்.

ஒரு மகாயுகத்தின் 43,20,000 ஆண்டுகளுக்கு ஆரியபடர் வகுத்த நாட்களின் தொகை 157,79,17,500. அதன்முன் வைத்துப் பார்த்தால் நாம் எடுத்துக்கொண்ட எண் பெரிதன்று. ஆயினும் அந்தப் பேரெண்ணைப் பெருக்கியும் வகுத்தும் தினந்தோறும் சந்திரனைத் தேடும் பாரத்திலிருந்து சாமானிய கணிதனை விடுவித்து, மனப்பாடமும் ஒரு பிடிச் சோழியும் இருந்தால் போதும் என்ற நிலையை உண்டாக்கியது இச்சிறிய எண்ணே. நம் நாட்டுக் கணித சரித்திரத்தில் இதற்குத் தனி இடம் தருவது அதனாலேயே தகும்.

இவ்வெண் ஐரோப்பிய அச்சில் ஏறிய வரலாறு புதுச்சேரியில் தொடங்குகிறது. 1761 ஜூன் 6-இல் சுக்கிரன் சூரிய பிம்பத்தைக் கடப்பதைக் காணப் புறப்பட்ட பிரெஞ்சு வானசாஸ்திரி கியோம் லெ ஜாந்தி, புதுச்சேரி அவ்வாண்டு ஜனவரியில் ஆங்கிலேயர் கைப்பட்டுவிட்டமையால் கரையிறங்க இயலாமல், அசையும் கப்பலிலிருந்தே அக்காட்சியைக் கண்டு, அளந்து பயன்கொள்ள முடியாமற்போனார். அடுத்த சந்தர்ப்பமாகிய 1769-ஐ எதிர்நோக்கி, 1768 மார்ச்சு 27-இல் அவர் மீண்டும் புதுச்சேரி வந்தபோது, ஊர் பிரெஞ்சுக்காரர் வசம் திரும்பியிருந்தது. கவர்னர் லா த லொரிஸ்தோன், இடிந்து கிடந்த கோட்டையின்மேல் அவருக்கு ஓர் ஆய்வுக்கூடம் அமைத்துக் கொடுத்தார். இன்று வடக்கே குருசுக்குப்பத்திலிருந்து கடற்கரை வழியே தெற்கு நோக்கி நடப்பவர் பாரதி பூங்காவை அடையும்போது, அப்பழைய கோட்டை நின்ற நிலப்பரப்பையே மிதிக்கின்றனர். அங்கே ஓராண்டுக்கு மேலாகக் காத்திருந்தும், 1769 ஜூன் மாதத்து அந்த விடியற்காலையில் மேகம் மூடிக்கொண்டு, சுக்கிரன் விலகிய பின்னரே வானம் வெளுத்தது என்பது உலகம் அறிந்த கதை. அந்தத் துயரத்தையே திரும்பத் திரும்பச் சொல்லும் எழுத்தாளர்கள், காத்திருந்த நாட்களில் அவர் தமிழ்க் கணிதர் அருகே அமர்ந்து அவர்களுடைய கிரகண கணிதத்தைக் கற்றுக்கொண்டதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றனர். அவர் ஐரோப்பாவுக்குக் கொண்டுசென்ற பொருள்களுள் விலைமதிப்புடையது அந்தக் கல்வியே என்பது நம் துணிபு. 1765 ஆகஸ்ட் 30-இல் நிகழ்ந்த சந்திர கிரகணத்தின் கால அளவு, தமிழர் கணக்கில் 41 வினாடியே குறைந்திருந்ததையும், அக்காலத்து ஐரோப்பாவில் தலைசிறந்ததாகப் போற்றப்பட்ட டோபியாஸ் மாயரின் அட்டவணையில் 68 வினாடி மிகுந்திருந்ததையும் அவர் மறைக்காமல் எழுதினார்.

அவர் கற்ற முறையின் சாரம் வருமாறு. வேண்டிய நாளின் கலிதினத்திலிருந்து 16,00,984-ஐக் கழிக்க வேண்டும். மிஞ்சியதை 12,372-ஆல் வகுத்து ஈவைத் தனியே வைத்து, மீதியை 3,031-ஆல் வகுத்து அந்த ஈவையும் தனியே வைத்து, அதன் மீதியை 248-ஆல் வகுக்க வேண்டும். கடைசியாக நிற்கும் மீதி எதுவோ, அத்தனையாவது சந்திர வாக்கியத்தை, அதாவது அத்தனை நாளில் சந்திரன் சென்ற பாகையைச் சொல்லும் மனப்பாடத் தொடரை, எடுத்துக்கொள்ள வேண்டும். கண்டத்துக்கு 212 பாகை 0 கலை 7 விகலை என்றும், 12,372-இன் ஒவ்வோர் ஈவுக்கும் 297 பாகை 48 கலை 10 விகலை என்றும், 3,031-இன் ஒவ்வோர் ஈவுக்கும் 337 பாகை 31 கலை 1 விகலை என்றும், 248-இன் ஒவ்வோர் ஈவுக்கும் 27 பாகை 44 கலை 6 விகலை என்றும் சேர்த்து, வாக்கியம் தரும் பாகையையும் கூட்டி, முழுச் சுற்றுக்களைத் தள்ளிவிட்டால், அந்நாட் சூரியோதயத்தில் சந்திரன் நிற்கும் ஸ்புட ஸ்தானம் கிடைத்துவிடும். சைன் அட்டவணையும் வர்க்கமூலமும் இவ்வழியில் தலைகாட்டுவதேயில்லை.

இவ்வளவையும் ஏடு பாராமல் நெஞ்சில் நிறுத்துவதற்கு உதவியது கடபயாதி என்னும் எழுத்தெண் முறை. அதில் க முதலாகவும், ட முதலாகவும், ப முதலாகவும், ய முதலாகவும் வரும் வடமொழி மெய்கள் வரிசையாக 1, 2, 3 என மதிப்புப் பெறும். சொல்லின் முதலெழுத்து ஒன்றாம் ஸ்தானத்து இலக்கத்தைக் குறிக்கும். தேவரம் என்றால் 8, 4, 2; அதாவது 248. காலநிலம் என்றால் 1, 3, 0, 3, அதாவது 3,031. ரஸகைரிகம் என்பதில் 2, 7, 3, 2, 1 என நின்று 12,372 ஆகிறது. வேதம் என்ற பெயரிலும் 4, 8 என்னும் இரண்டு இலக்கங்கள் அடங்கி, நம் எண்ணின் ஈற்றிலுள்ள 84-ஐக் காட்டுகின்றன. வரருசியின் பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களும் இவ்வாறே பொருளுள்ள சொற்றொடர்களாக அமைந்தவை. முதல் வாக்கியம் 12 பாகை 3 கலையைத் தருவது. கடைசி வாக்கியம் 27 பாகை 44 கலையைத் தருவது. சங்கமகிராமத்து மாதவர் பதினான்காம் நூற்றாண்டில் இவற்றை விகலை வரையில் திருத்தி மேலும் நுட்பமாக்கினார்.

இனி, 248, 3,031, 12,372 ஆகிய மூன்றும் எங்கிருந்து வந்தன என்பது. சந்திரன் பூமிக்கு மிகத் தொலைவிலுள்ள உச்சத்தினின்று புறப்பட்டு மீண்டும் உச்சத்தை அடைவதற்கு ஏறக்குறைய இருபத்தேழரை நாள் செல்கிறது. அது முழு எண்ணாக இல்லாமையே கணிதனுக்கு இடர். உச்சத்தில் மெதுவாகவும் எதிர்ப்புறத்தில் விரைவாகவும் செல்லும் சந்திரன், எத்தனை முழு நாட்களுக்குப் பின் சூரியோதய வேளையில் மறுபடியும் உச்சத்தில் நிற்கும் என்று கண்டுவிட்டால், அதன்பின் பழைய அட்டவணையையே முதலிலிருந்து திரும்ப உபயோகிக்கலாம். அந்தக் காலத்தைத் தொடர் பின்னமாக விரித்தால் 27, 28, 55/2, 248/9, 3,031/110, 12,372/449 என்ற வரிசை பிறக்கிறது. 248 நாளில் 9 உச்ச மாதங்கள், 3,031 நாளில் 110, 12,372 நாளில் 449. முந்திய இரண்டு எண்களால் அடுத்ததைக் கட்டும் அழகைப் பாருங்கள்: 12 × 248 + 55 = 3,031; 4 × 3,031 + 248 = 12,372. ஐரோப்பியர் தொடர் பின்னம் என்று பிற்காலத்தில் பெயரிட்ட இந்த நெறி, ஆரியபடர் காலந்தொட்டு நம்மவர் குட்டகம் என்று பயின்றுவந்த பரஸ்பர வகுத்தலினின்று வேறானதன்று.

இம்மூன்றில் 3,031-ஐப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகிறது. இக்காலத்து அளவீட்டின்படி உச்ச மாதம் 27.55455 நாள். அதனைக் கொண்டு சோதித்தால், 248 நாளில் வரும் பிழை 13 நிமிஷம். 12,372 நாளில் வருவது 10 நிமிஷம். 3,031 நாளில் வருவதோ முக்கால் நிமிஷத்துக்கும் குறைவு. பெரிய எண் நுட்பம் குறைந்ததாக இருப்பது முதற்பார்வைக்கு முரணாகத் தோன்றலாம். 12,372 என்பது வானத்துச் சந்திரனை நேரே அளந்து பெற்றதன்று, சகாப்த சம்ஸ்காரம் என்னும் பிற்காலத் திருத்தம் செய்த ஆரியபடீய அளவுகளிலிருந்து வருவித்தது என்பதே அதன் விளக்கம். அந்த அளவின்படி உச்ச மாதம் 27.554565 நாள், அதற்கு 12,372/449 மிக நெருங்கியது. சித்தாந்தத்துக்கு விசுவாசமாக இருந்தவர்கள் கண்ட எண் அது.

நம் எண் இம்மூன்றுக்கும் இனமானதன்று. அதனை 12,372, 3,031, 248 ஆகியவற்றால் முறையே வகுத்தால் மீதியாக 229 நிற்கிறது. ஆகவே அது ஒரு சுழற்சிக் காலமாக இல்லாமல், சுழற்சிகளை எண்ணத் தொடங்குவதற்காகத் தெரிந்தெடுத்த ஒரு நாளாகும். தெரிந்தெடுத்தவர் கையாண்ட அளவுகளைக் கொண்டு நாமும் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு மகாயுகத்தில் சந்திரனுக்கு 5,77,53,336 பகணங்கள், அதாவது முழுச் சுற்றுக்கள். அதன் உச்சத்துக்கு 4,88,219. கலி ஆரம்பத்தில் சந்திரன் மேஷாதியிலும் உச்சம் 90 பாகையிலும் இருந்ததாகக் கொள்கை. 16,00,984 நாளில் சந்திர மத்யமம், அதாவது சராசரி ஸ்தானம், 213 பாகை 21 கலையும், உச்சம் 218 பாகை 8 கலையும் ஆகின்றன. சகாப்த சம்ஸ்காரத்தின்படி, சக வருஷம் 444 தொடங்கிக் கழிந்த 760 ஆண்டுகளுக்கு, 85 ஆண்டுக்கு 9 கலை வீதம் சந்திரனிலும், 134 ஆண்டுக்கு 65 கலை வீதம் உச்சத்திலும் கழித்தால், முன்னது 212 பாகை 1 கலையாகவும், பின்னது 211 பாகை 59 கலையாகவும் வந்து நிற்கும். இரண்டும் ஒன்றே எனலாம். அந்நாட் காலையில் சூரியன் உதிக்கும்போது சந்திரன் சரியாகத் தன் உச்சத்தில் இருந்தது. அங்கே மத்யமத்துக்குச் செய்யவேண்டிய திருத்தமாகிய மந்த பலன் சூன்யம். அங்கிருந்து எண்ணினால் முதல் வாக்கியத்தை அப்படியே எடுத்தாளலாம். ஆயிரக்கணக்கான நாட்களைச் சலித்து இத்தகைய நாளை எடுத்துக் கொடுத்த புத்தியை வியக்காதிருக்க முடியவில்லை. சூரிய மாதம் அப்பொழுது வைகாசி. 212 பாகை என்பது விசாகத்தின் நான்காம் பாதம். எனவே அது வைகாசி விசாகத் திருநாளாகவும் அமைந்தது.

எண்ணின் தன்மைகளைத் தனித்து நோக்கினும் சுவை உண்டு. அதன் பகாக் காரணிகள் 2 × 2 × 2 × 7 × 11 × 23 × 113. ஆகையால் அதனை மீதியின்றி வகுக்கும் எண்கள் 64. தன்னையொழித்த மற்றவற்றின் கூட்டுத்தொகை 23,38,856 என்று எண்ணைக் காட்டிலும் பெரிதாக வருவதால், மிகை எண் என்ற வகையைச் சேர்ந்தது. 7, 11, 23 ஆகிய காரணிகள் ஒற்றையாக நிற்பதால் இரண்டு வர்க்கங்களின் கூட்டாக அதனை எழுத இயலாது. இவையெல்லாம் எண்கணிதப் பயிற்சிக்கு உரியவை. பஞ்சாங்க கணிதனுக்குப் பயன்படுவது 7 என்ற காரணி ஒன்றுதான். கலியின் முதல் நாள் வெள்ளிக்கிழமை. 16,00,984 ஏழால் மீதியின்றி வகுபடுவதால், கண்ட தினமும் வெள்ளிக்கிழமையே. அதனால் கழித்து மிஞ்சிய சிறிய தொகையை ஏழால் வகுத்து, வெள்ளி முதலாக எண்ணினாலும் கிழமை தவறாமல் கிடைக்கும்; தான் எடுத்துக்கொண்ட கலிதினம் சரிதானா என்று கணிதன் உடனே சோதித்துக்கொள்ள இது ஒரு காவல். 3,031-ம் 433 முழு வாரங்களாக இருப்பது குறிக்கத்தக்கது.

முறை எவ்வாறு நடக்கிறது என்பதற்குப் புதுச்சேரியிலேயே நடந்த ஓர் உதாரணம் உண்டு. இத்தாலியின் லிவோர்னோவில் 1769-இல் பிரெஞ்சுப் பிரபுக் குடும்பமொன்றில் பிறந்து, ஆங்கிலேயப் படையிற் சேர்ந்து, மைசூர் நில அளவையில் உழைத்து, 1805 முதல் 1811 வரை சென்னை வான ஆய்வுக்கூடத்தின் பொறுப்பையும் வகித்த ஜான் வாரன், பிற்காலத்தில் புதுச்சேரியில் குடியமர்ந்தார். தென்னாட்டார் காலத்தை அளக்கும் முறைகளையெல்லாம் திரட்டி அவர் எழுதிய கால சங்கலிதம் என்ற பெருநூல் 1825-இல் சென்னையில் அச்சாயிற்று. 1830-இல் அவர் புதுச்சேரியிலேயே காலமானார். அந்நூலில், சாமி நாடன் சாஷியா என்று தாம் எழுத்துக்கூட்டிய புதுச்சேரிப் பஞ்சாங்க கணிதர் ஒருவர், தரையில் சோழிகளைப் பரப்பி, அட்டவணைகளைச் செயற்கைச் சொற்களாலும் அசைகளாலும் மனப்பாடமாகச் சொல்லிக்கொண்டே, 1825 மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவின் சந்திர கிரகணத்தைக் கணித்துக் காட்டியதை அவர் பதிந்து வைத்திருக்கிறார்.

மே 31 காலையின் கலிதினம் 17,99,312. அதிலிருந்து 16,00,984 போக 1,98,328. அதனை ஏழால் வகுக்க மீதி 4; வெள்ளி முதலாக நான்கு நாள் தள்ளச் செவ்வாய்க்கிழமை, சரியே. 12,372-ஆல் வகுக்க ஈவு 16, மீதி 376. அதில் 3,031 போகாது. 248 ஒரு முறை போக மீதி 128. எனவே 212 பாகை 0 கலை 7 விகலையோடு, 297 பாகை 48 கலை 10 விகலையின் பதினாறு மடங்கையும், 27 பாகை 44 கலை 6 விகலையையும் கூட்டி, 13 முழுச் சுற்றுக்களை நீக்க, 324 பாகை 34 கலை 53 விகலை நிற்கும். இதனோடு 128-ஆம் வாக்கியத்தைச் சேர்க்க வேண்டியதே பாக்கி. வந்த விடை உஜ்ஜயினி ரேகைக்கு உரியது. குருசுக்குப்பத்துக் கடற்கரையோ அதற்கு நான்கு பாகை கிழக்கே இருப்பதால், இங்கே கால் மணி நேரத்துக்குச் சற்று மேலாக முந்தியே விடிந்துவிடுகிறது. ஆகவே தேசாந்தரமாகச் சந்திரனில் ஏறக்குறைய 9 கலை கழிக்க வேண்டும்.

கிரகண காலம் முழுவதையும் அக்கணிதர் இவ்வாறே கண்டார். பிற்காலத்தில் சோதித்தபோது, தொடக்கத்தில் 4 நிமிஷமும், மத்தியில் 23 நிமிஷமும், முடிவில் 52 நிமிஷமும் பிழை இருந்தது தெரிந்தது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட கண்டத்தை வைத்துக்கொண்டு, எழுதுகோல் தொடாமல் பெற்ற விடை இது. அவருக்குச் சித்தாந்தத்தின் காரணங்கள் தெரிந்திருக்கவில்லை, ஞாபக சக்தி மட்டுமே மிகுந்திருந்தது என்று வாரன் எழுதினார். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் காரணம் அறிந்தவன் ஒருவன் முன்னே நின்று, காரணம் அறியாதவனும் தலைமுறை தலைமுறையாகத் தவறின்றிச் செய்யும்படி ஒரு முறையை வகுத்துக் கொடுத்தான் என்பதை வாரனுடைய அந்தக் கூற்று நமக்கு நினைவூட்டவில்லை. அதுவே இம்முறையின் பெருமை.

ஐரோப்பாவில் இவ்வட்டவணைகள் பெரிய விவாதத்தைக் கிளப்பின. பிரெஞ்சு வானசாஸ்திரி பாயி, 1787-இல் வெளியிட்ட தம் நூலில், கி.மு. 3102-இலேயே நம்மவர் வானத்தை நேரே அளந்திருந்தனர் என்று வாதித்தார். ஸ்காத்லாந்து கணிதர் பிளேஃபேர் 1790-இல் அதனை ஆதரித்தார். பிரெஞ்சுக் கணிதர் லாப்லாஸ் மறுத்தார்: கலி ஆரம்பம் பின்னோக்கிக் கணக்கிட்டுப் பெற்றதேயன்றிக் கண்டறிந்த காட்சியன்று என்பது அவர் முடிவு. நம் பழமையைப் போற்றுவோருக்கு பாயியின் கட்சி இனிக்கும்; ஆயினும் லாப்லாஸ் கூறியதே சரி. 16,00,984 காட்டும் நாள் 1282-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. அதற்குரிய பாகைகள் ஆரியபடருடைய அளவுகளும் அவற்றுக்குப் பின்னெழுந்த திருத்தமும் சேர்ந்து அளித்தவை என்று மேலே கண்டோம். பழமைக்கு வேறு சான்று உண்டு. 3,031, 248 என்ற இரண்டும் ஆறாம் நூற்றாண்டில் வராகமிகிரர் சுருக்கி எழுதிய வாசிஷ்ட சித்தாந்தத்திலேயே காணப்படுகின்றன. 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும், 3,031 எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும் வருவதை அறிஞர் நாய்கபவர் எடுத்துக்காட்டி, 1952-இல் தமிழர் வானசாஸ்திரம் என்ற தலைப்பிலேயே ஆராய்ச்சிக் கட்டுரை வரைந்தார். லெ ஜாந்தியும் வாரனும் புதுச்சேரியில் கேட்டு எழுதியவற்றுக்கு மூலமாகிய வாக்கியகரணத்தை, சுந்தரராஜர் உரையுடன் குப்பண்ண சாஸ்திரியும் கே.வி. சர்மாவும் பதிப்பித்து 1962-இல் சென்னையில் வெளியிட்டனர். அதன்பின் கண்டம் முதலிய எண்களை மூல நூலிலேயே ஒப்பிட்டுப் பார்க்க வழி ஏற்பட்டது.

புதுச்சேரியிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் பஞ்சாங்கம் கணித்த குடும்பங்களின் பரண்களில், வாக்கியங்களை எழுதிவைத்த ஏடுகளும் கையெழுத்துப் பிரதிகளும் இருக்கக்கூடும். அத்தகைய சுவடி எவரிடமேனும் இருந்தால், அதனைப் பழைய காகிதமென்று தள்ளிவிடாமல், ஓலைச் சுவடிகளைப் பேணிவரும் புதுச்சேரிப் பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் போன்ற இடத்தில் ஒருமுறை காட்டி, பிரதியெடுத்து வைக்கச் செய்ய வேண்டுமென்று வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.